வண்டியைத் தாழ்த்திய கதை

புனேயை அடுத்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதிக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்களுள் எம்முடையதும் ஒன்று. பகலெல்லாம் வண்டி உறுப்புகளிடையே உழைத்து மாலையில் வீடு திரும்பும் தந்தையரின் பிள்ளைகள் ஸ்பானரும் கையுமாக வளர்வதில் வியப்பில்லை. எம் மகனும் அவ்வாறே வளர்ந்தான். பொறியியற் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அவன், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் எம்மிடம் வந்து நின்றான்.

"அப்பா! நம் கார் ஒட்டகம்போல் உயர்ந்து நிற்கிறது. நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்திவிட்டால் பார்க்கவும் அழகு. வளைவுகளில் சாயாமலும் ஓடும். நானே வீட்டில் செய்துவிடுவேன்" என்றான்.

திண்ணைபோல் அமைந்த வாயிற்படியில் அமர்ந்திருந்த எம் அன்னையார், "ஒட்டகமானால் என்னப்பா? நான் குனியாமல் ஏறி உட்காருகிறேன், குனியாமல் இறங்குகிறேன்" என்றார். அச்சொல்லை அன்று யாம் இருவரும் காதில் வாங்கவில்லை.

இவ்வாசை நம் வீட்டுப் பிள்ளைகள் பலரிடமும் இப்போது காணப்படுகின்றது. ஆகவே, எம் வீட்டில் நடந்ததை உள்ளவாறே எழுதினால் அன்பர்கள் சிலருக்கேனும் பயன்படும் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

வண்டியைத் தாங்குவது எது?

ஒரு காலத்தில் நம் சாலைகளை ஆண்ட அம்பாசிடர், பத்மினி வண்டிகளின் பின் அச்சை, இலைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள் தாங்கின. பாரம் ஏற்றவே பிறந்தவை அவை. அம்பாசிடரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றது. இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்புறத்தில் இருப்பது 'மெக்பெர்சன் ஸ்ட்ரட்' எனப்படும் அமைப்பு. ஏர்ல் மெக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்தது. 1950களின் தொடக்கத்திலேயே போர்டு நிறுவனத்தின் கார்களில் இடம்பெற்றது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இதனை நடுத்தரக் குடும்பங்களின் வாயிலுக்குக் கொண்டுவந்தது.

இதில் ஷாக் அப்சார்பரும் அதனைச் சுற்றிய சுருள்வில்லும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். பட்டறையில் 'ஸ்பிரிங்' என்று வழங்கும் அச்சுருள்வில் வண்டியின் பாரத்தைச் சுமக்கின்றது. ஷாக் அப்சார்பரோ பாரத்தைச் சுமப்பதில்லை. சுருள்வில் ஆடும் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் பணி. இவ்வேறுபாட்டை உணராதவர் இவ்வேலையில் கை வைத்தல் கூடாது.

வண்டியைத் தாழ்த்துதல் என்பது, இருக்கும் சுருள்வில்லை எடுத்துவிட்டு அதனினும் குட்டையான, விறைப்பு மிகுந்த சுருள்வில்லைப் பொருத்துதலேயாகும். விறைப்பு ஏன் மிகவேண்டும்? வண்டி 40 மி.மீ. தாழ்ந்தால், பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலெழுவதற்குரிய இடமும் ஏறத்தாழ அவ்வளவே குறைந்துவிடும். குறைந்த இடத்திற்குள் அதே அதிர்ச்சியைத் தாங்க விறைப்பான வில் வேண்டும். இல்லையேல் தூணின் உள்ளிருக்கும் ரப்பர்த் தடுப்பில் வண்டி அடிக்கடி மோதும். விறைப்பான வில்லின் துள்ளலைப் பழைய ஷாக் அப்சார்பர் முழுதும் அடக்கமாட்டாது. எனவே இரண்டையும் பொருத்தமாகச் சேர்த்தே மாற்றுவது முறை.

சில பட்டறைகளில் பழைய வில்லையே ஒரு சுற்று வெட்டித் தாழ்த்திக் கொடுக்கின்றனர். இது தீமையானது. வேலைசெய்யும் சுற்றுகள் ஆறு உள்ள வில்லில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுமேயன்றி, வெட்டுண்ட முனை தன் இருக்கையில் சரிவரப் பொருந்தாது. சக்கரம் தொங்கும் நிலையில் வில் தளர்ந்து இடம் பெயரவும் கூடும். பணம் மிச்சம் என்று இவ்வழியில் செல்வோர் உயிரைப் பணயம் வைக்கின்றனர் என்பதே உண்மை.

வேலை நடந்த விதம்

மகன் தன் சேமிப்பிலிருந்து நான்கு சுருள்வில்களை வரவழைத்தான். விநாயகர் சதுர்த்தி கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் வேலையைத் தொடங்கினோம். மேல்மாடியில் வாழும் தமிழ்ப் பெரியவர் ஒருவர், பேருந்துப் பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர், இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளையும் இரண்டு தடித்த பலகைகளையும் தூக்கிக்கொண்டு கீழே வந்தார்.

"ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. ஸ்டாண்டு இல்லாமல் சக்கரத்தைக் கழற்றாதே, தம்பி" என்றார்.

"சரிங்க ஐயா" என்றான் மகன், சிறிது பொறுமையின்றி.

சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கு இட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தினோம். பின்னர் வண்டியின் கையேட்டில் குறித்த இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினோம். பலகைமேல் ஸ்டாண்டை நிறுத்தி, அதன் உயரத்தைச் சரிசெய்தோம். இனி ஜாக்கியை மெல்ல இறக்கி, வண்டியை ஸ்டாண்டின்மேல் அமர்த்த வேண்டும். அதற்குள் மகன் அவசரப்பட்டுச் சக்கரத்தை உருவிவிட்டு, உள்ளே கையை நீட்டினான்.

அப்போது 'சரக்' என்றோர் ஓசை கேட்டது. மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கியின் அடி புதைந்து சாய்ந்துவிட்டது. வண்டி இரண்டு விரற்கடை இறங்கி ஸ்டாண்டின்மேல் அமர்ந்தது. ஸ்டாண்டின் அடியில் பலகை வைத்திருந்தோம். ஜாக்கியின் அடியில் வைக்க மறந்திருந்தோம். அந்த ஸ்டாண்டு அங்கே இல்லாதிருப்பின் பிரேக்குத் தட்டின் கீழிருந்த மகனின் கை என்னவாகியிருக்கும் என்பதை எழுதவும் எமக்கு மனம் வரவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மகன் தானே எழுந்து, வண்டியைச் சிமிட்டித் தரைக்கு மாற்றுவோம் என்றான். அன்று முதன்முறையாக அவன் வேகம் தணிந்தது.

சிமிட்டித் தரையில் மீண்டும் தொடங்கினோம். பிரேக்குக் குழாயையும், சக்கரத்தின் சுழற்சியை அறியும் மின்கம்பியையும் தூணிலிருந்து விடுவித்து, இழுபடாதவாறு ஒதுக்கிக் கட்டினோம். குழாயைத் திறக்காமல் ஒதுக்கியதால் பிரேக்கு எண்ணெய்க்குக் கேடில்லை. தூணின் அடியில் உள்ள இரு போல்டுகள் இருந்த நிலையைச் சுண்ணாம்புக் கோடிட்டுக் குறித்துக்கொண்டு கழற்றினோம். பிறகு எஞ்சின் மூடியைத் திறந்து தூணின் தலைமேலுள்ள நட்டுகளைக் கழற்றித் தூணை முழுதாக வெளியே எடுத்தோம். நடுவிலிருக்கும் பெரிய நட்டை மட்டும் இந்நிலையில் ஒருபோதும் தொடலாகாது. சுருள்வில்லை அடக்கிவைத்திருப்பது அதுவே.

இங்கேதான் பேராபத்து இருக்கின்றது. மில்லிமீட்டருக்கு 2 கிலோ விறைப்புள்ள ஒரு வில்லை 150 மி.மீ. அமுக்கி வைத்திருப்பதாகக் கொள்வோம். அது 300 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் வெளியே பாயக் காத்திருக்கின்றது. ஆகவே இதற்கென்றே உள்ள அமுக்குக் கருவிகள் இரண்டை எதிரெதிராக மாட்டி, இருபுறமும் மாறிமாறிச் சிறிது சிறிதாகத் திருகி, வில் தன் இருக்கையிலிருந்து முற்றும் தளர்ந்த பின்னரே நடு நட்டைக் கழற்றினோம். வில்லின் முனைக்கு நேரே முகத்தை வைத்தல் கூடாது. கம்பி கட்டியோ கயிறு கட்டியோ இவ்வேலையைச் செய்வார் சிலர். அவர்களைப் பின்பற்றாதிருப்பதே அறிவுடைமை. கருவி இல்லையேல் தூணைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச் சென்று அந்த ஒரு வேலையை மட்டும் செய்வித்துக்கொள்ளலாம். அதில் தாழ்வு ஏதும் இல்லை.

புதிய வில்லின் முனை கீழ்த்தட்டின் படியில் சரியாக அமர்ந்ததா எனப் பார்த்து, மேல் ரப்பரையும் தாங்கியையும் முன்போலவே வைத்து, நட்டைப் பூட்டினோம். பின்புறத்தில் வேலை எளிது. எம் வண்டியின் பின்புறத்தில் வில் தனியாகவும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் உள்ளன. அச்சை ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, இருபுறமும் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்டைக் கழற்றி, அச்சை மெல்ல இறக்கினால் வில் கையோடு வந்துவிடும். ரப்பர் புஷ் உள்ள போல்டுகளை மட்டும் வண்டி தன் கால்களில் நின்ற பின்னரே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே நின்று விரைவில் கிழிந்துபோகும். ஒவ்வொரு போல்டையும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டியின் பட்டறைக் கையேட்டில் உள்ளது. விசை காட்டும் ஸ்பானரால் அவ்வளவே இறுக்கினோம்.

மறுநாள் காலையில் சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்க்கும் நிலையத்திற்கு வண்டியைக் கொண்டு சென்றோம். உயரம் குறைந்தால் சக்கரத்தின் தலை உட்புறம் சாயும். முன்நோக்கும் கோணமும் மாறும். அவற்றைச் சரிசெய்யாது ஓட்டினால் டயரின் உள்விளிம்பு சில மாதங்களிலேயே தேய்ந்து நூல் தெரியும். முகப்பு விளக்கின் ஒளி எங்கே விழுகின்றது என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

வேலை பழுதின்றி முடிந்தது. வண்டியும் அழகாகவே இருந்தது. வளைவில் சாய்வு குறைந்ததை எம்மாலும் உணர முடிந்தது. இதனை மறைத்தல் நேர்மையாகாது.

அளவுகோல் சொன்ன உண்மை

தீபாவளிக்கு ஊருக்குச் செல்வதென்று முடிவாயிற்று. கம்பாட்கி மலைப்பாதை ஏறி, சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, சித்ரதுர்க்கா வழியாகப் பெங்களூர். அங்கிருந்து ஓசூர், சேலம், திண்டுக்கல் கடந்து மதுரைக்குத் தெற்கே எம் ஊர். புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன், ஒத்திகையாக ஐவரும் மூட்டைகளுடன் ஏறி அமர்ந்தோம். குடியிருப்பின் வாயிலிலிருந்த வேகத்தடையைக் கடந்தபோது வண்டியின் வயிறு கரகரவென்று உராய்ந்தது. பின்னிருக்கையில் எம் அன்னையார் "ஐயோ!" என்றார்.

அன்றிரவு மகன் அளவுகோலும் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். யாமும் உடனிருந்தோம்.

ஆளில்லாத நிலையில் வண்டிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி முன்பு 165 மி.மீ. தாழ்த்திய பின் 125. பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து பெட்டிகளும் ஏறினால் பின் அச்சின்மேல் 150 கிலோ கூடுகின்றது என்று கொண்டோம். ஒரு வில்லுக்கு 75 கிலோ. பழைய வில் மில்லிமீட்டருக்கு 2 கிலோ விறைப்புடையதென்றால் 37 அல்லது 38 மி.மீ. அமுங்கும். புதிய வில் 2.5 கிலோ விறைப்புடையதென்றால் 30 மி.மீ. அமுங்கும். பழைய வில்லில் பின்புறம் எஞ்சுவது 127. புதிய வில்லில் 95.

சாலை விதி நூல் என்ன சொல்கின்றது? இந்தியச் சாலைப் பேரவையின் வரையறைப்படி வேகத்தடை என்பது 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்போல் மெல்ல வளைந்து, 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உடையதாக, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இரு அச்சுகளுக்கும் இடையே 2.4 மீட்டர் உள்ள கார் அதன் உச்சியில் நிற்கும்போது, மேடு வண்டியின் வயிற்றை நோக்கி எழுவது 42 மி.மீ. அளவே. கணக்கின்படி எம் தாழ்ந்த வண்டியும் உரசாமல் கடந்திருக்க வேண்டும்!

ஆனால் எம் வாயிலில் இருப்பது விதி நூல் அறியாத வேகத்தடை. மகன் இரவிலேயே சென்று அளந்து வந்தான்: அகலம் 60 செ.மீ.; உயரம் 11 செ.மீ. இத்தகைய குறுகிய மேடு இரு அச்சுகளுக்கும் இடையே முழுதாக அடங்கிவிடும். ஆகையால் அதன் முழு உயரமும் வண்டியின் வயிற்றுக்கு எதிராக நிற்கும். 95 எங்கே, 110 எங்கே? நம் ஊர்ப்பாதையில் எத்தனை கிராமத்து வாயில்களில் எத்தனை மேடுகள்! எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி ஒரு கல்லில் இடித்துக் கிழிந்தால், நள்ளிரவில் நடுவழியில் முதியவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அப்பா, நாம் வில்லை அளந்தோம், போல்டை அளந்தோம், சாலையை அளக்கவில்லை" என்றான் மகன். எம்மைக் காட்டிலும் தெளிவாக அவன் அதனை உணர்ந்துவிட்டான்.

சட்டத்தின் சொல்

இன்னொரு பிழையும் எம்முடையதே. வேலைக்கு முன் கேட்கவேண்டியதைப் பின்னர்க் கேட்டோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், உற்பத்தியாளர் முதலிற் குறித்த விவரங்களினின்று பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றியமைத்தல் கூடாது என்கின்றது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே எனத் தண்டனை வகுத்தது. காப்பீட்டு நிறுவனத்திற்கு அறிவிக்காமல் செய்த மாற்றம், விபத்து நேர்ந்தபின் இழப்பீடு கேட்கும் நாளில் பெருந்தடையாக நிற்கக்கூடும். ஆகவே எந்த மாற்றமாயினும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டறிந்த பின்னரே பொருளை வாங்குதல் வேண்டும். வேற்று மாநிலத்துப் பதிவெண்ணுடன் மூன்று மாநிலங்களைக் கடந்து செல்லும் நம்போன்றோர், வழியில் அலுவலர் நிறுத்திக் கேட்டால் என்ன விடை சொல்வது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்னையாரின் முழங்கால்

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒன்று நடந்தது. ஒத்திகை முடிந்து திரும்பியபோது, அன்னையார் இருக்கையிலிருந்து எழ முயன்று, கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, இருமுறை அமர்ந்துவிட்டார். முழங்கால் தேய்ந்த முதியவர்க்கு இருக்கையின் உயரத்தில் நாற்பது மில்லிமீட்டர் என்பது சிறிய அளவன்று. நாற்காலியிலிருந்து எழுவதற்கும் மணையிலிருந்து எழுவதற்கும் உள்ள வேறுபாட்டின் தொடக்கம் அது. ஆயினும் அவர் குறை கூறவில்லை. "பழகிவிடும்" என்று மட்டும் சொன்னார். பேரனின் ஆசைக்குத் தன் முழங்கால் தடையாக நிற்கலாகாது என்பது அவருடைய எண்ணம்.

மகன் அதனைப் பார்த்துக்கொண்டே நின்றான். மறு ஞாயிறு விடியற்காலையில் எம்மை எழுப்பினான். பரணிலிருந்த பழைய சுருள்வில்கள் நான்கும் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஸ்டாண்டுகளை அவனே மேல்மாடியிலிருந்து வாங்கி வந்திருந்தான். இம்முறை ஜாக்கியின் அடியிலும் பலகை இருந்தது. முன்பு ஒருநாள் முழுதும் பிடித்த வேலை இப்போது பிற்பகலுக்குள் முடிந்தது. மறுநாள் சக்கர நேர்மையை மீண்டும் பார்த்தோம். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா நட்டுகளையும் மறுபடி சோதித்தான். யாரும் சொல்லவில்லை, தானாகவே செய்தான்.

தீபாவளிக்கு இரு நாட்களுக்கு முன் ஊர் சேர்ந்தோம். ஊர் வாயிலில் சிறுவர் மண்ணும் கல்லும் குவித்துத் தாமே அமைத்த வேகத்தடை ஒன்று இருந்தது. வண்டி அதன்மேல் ஏறி இறங்கியது; எங்கும் உரசவில்லை. அன்னையார் கதவைத் திறந்து, குனியாமல் இறங்கி, தம் அக்காவின் வீட்டு வாசலில் நின்றார்.

செலவான பணத்தை எண்ணிச் சிலர் எம்மைப் பார்த்து நகைத்தனர். எமக்கு அதில் வருத்தமில்லை. பிள்ளைகள் கருவி எடுத்துப் பழகுவதைத் தடுத்தல் கூடாது என்பதே எம் கருத்து. கூடவே அமர்ந்து, முதலில் அளக்கவும் கேட்கவும் பழக்கினால் போதும். தனக்கென ஒரு பழைய வண்டி வாங்கி, முறையான அனுமதியுடன், பந்தயத் திடலில் மட்டும் ஓட்டத் தாழ்த்துவேன் என்று மகன் இப்போது சொல்கின்றான். அதுவரை புதிய வில்கள் நான்கும் பரணில் உறங்குகின்றன.

அவற்றின் அருகே இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளும் இரண்டு பலகைகளும் இருக்கின்றன. மேல்மாடிப் பெரியவர் தம் மகளுடன் வாழக் கோவைக்குச் சென்றபோது எமக்கே கொடுத்துச் சென்றார். சங்கத்து அன்பர்களின் பிள்ளைகள் எவரேனும் வண்டியைத் தூக்கி வேலை செய்ய எண்ணினால், எம் இல்லத்திற்கு வந்து தயங்காது எடுத்துச் செல்லலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையை நீட்ட வேண்டா.